அண்ணியின் வயிற்றுப்புண்

"இனிமே இருட்டறதுக்குள்ள எனக்கு ராத்திரிச் சாப்பாடு ஆகணும். காரம் கூடாது, புளிப்பு கூடாது, எண்ணெய் கூடாது. வயித்துல புண்ணு!"

டூட்டி முடிந்து வந்த பஸ் டிரைவர் அண்ணி, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று உத்தரவு போட்டாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாசமாக இருப்பவள் இவள். சலுகை கேட்பது கணவனின் அக்கா!

அந்த வீட்டில் ஒரு பழக்கம். மாமனார் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவர் வருவதற்குள் தெருவே அடங்கிவிடும். சாப்பிட்ட கையோடு படுக்கை. படுத்ததுதான் தாமதம், மருமகளுக்கு வயிற்றிலிருந்து தொண்டைவரை நெருப்பு ஏறும். எழுந்து உட்கார்வாள், கூடத்தில் நடப்பாள், மறுபடி படுப்பாள். விடிவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நெஞ்செரிச்சல்தானே? குழந்தைக்குத் தலை நிறைய முடி இருக்குன்னு அர்த்தம்! நானும் ரெண்டு பெத்தவதான். தானா அடங்கிடும்" என்று சிரித்தாள் மாமியார். கெட்ட மனசு இல்லை. ஆனால் பேச்சு அதோடு முடிந்தது.

கணவனோ, "அம்மாகிட்ட இதை நான் எப்படிச் சொல்றது..." என்று தலையைச் சொறிந்தான்.

போதாததற்கு அண்ணியும் ஒருநாள் எரிந்து விழுந்தாள். "ராத்திரி பூரா உன் நடமாட்டம்தான். எனக்குத் தூக்கமே இல்லை. நான் பஸ் ஓட்டறதா, வேண்டாமா?"

எரிச்சலுக்குப் பயந்து மருமகள் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள். "எடையே ஏறலையேம்மா, குழந்தைக்கு எங்கேருந்து போகும்?" என்று டாக்டர் கேட்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று, அவரிடமும் எரிச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அண்ணிக்கு அந்தக் கூச்சமெல்லாம் ஏது? வாயைத் திறந்தாள், வீடே ஆடியது.

சாயங்காலமே அடுப்பு எரிந்தது. தட்டின் முன் உட்கார்ந்தவள் அடுத்த குண்டைப் போட்டாள்.

"நான் மட்டும் அநாதை மாதிரி தனியா உட்கார்ந்து சாப்பிடணுமா? இவளும் உட்காரட்டும்."

"உங்கப்பா வர்றதுக்கு முன்னாடி மருமக சாப்பிடறதாடி?" என்றாள் மாமியார்.

"அப்பா கேட்டா என்னைத் திட்டச் சொல்லு."

அதோடு விட்டாளா? சாப்பிட்டதும் படுக்கக் கூடாதாம், வாசல்வரை நடக்க இவள் துணை வேண்டுமாம். இடது பக்கமாகத்தான் படுக்கணுமாம். அதைத் தினமும் ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த மரக்கட்டைகள் வாங்கி வரச் சொன்னாள்.

"எதுக்கு நாலு வாங்கிட்டு வந்தே? எனக்கு ரெண்டு போதும். மீதியை உங்க கட்டிலுக்குப் போட்டுத் தொலை" என்று தம்பியை விரட்டினாள்.

"அக்காவுக்கு வயசாக ஆகத் தன் வயிறுதான் பெருசாத் தெரியுது" என்று முணுமுணுத்தான் கணவன். "பெத்த பொண்ணாச்சேன்னு பொறுத்துக்கறேன்" என்றாள் மாமியார். தனியே சாப்பிட நேர்ந்த மாமனார் மகளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

மருமகளும் மனசுக்குள் அண்ணியைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் நடுவில் எப்போது என்று தெரியாமல், இரவில் தூங்க ஆரம்பித்திருந்தாள். எரிச்சல் எப்போதாவது எட்டிப் பார்த்ததோடு சரி. பசி எடுத்தது. பயமில்லாமல் சாப்பிட்டாள்.

அடுத்த செக்கப்பில் எடை ஏறியிருந்தது. "பாப்பா ஜோரா வளருது" என்று டாக்டர் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பஸ் டிப்போ. அண்ணி இருந்தால் அவள் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று மருமகள் உள்ளே நுழைந்தாள். கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அண்ணியின் தட்டில் மிளகாய்த் தூளில் குளித்த மீன் வறுவல். கூட்டாளிகளோடு கதையடித்துக்கொண்டே, தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயையும் நறுக்கென்று கடித்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் ஆனந்தம்.

அத்தனையும் பொய்! ஒரு வீட்டையே ஆட்டிப் படைத்தது வெறும் வீம்புக்கா?

"அண்ணி!"

அண்ணிக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தாள். "முதல்ல உட்காரு. டாக்டர் என்ன சொன்னார்? எடை ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு. பேச்சை மாத்தாதீங்க. பாவம், மாமா தினமும் தனியாச் சாப்பிடறார். அத்தை ராத்திரிக்கே ரெண்டு தடவை சமைக்கறாங்க. இங்க நீங்க பச்சை மிளகாயைக் கடிக்கறீங்க! உங்க வயித்துப்புண் ஆறிடுச்சா, இல்லையா?"

அண்ணி சுற்றும்முற்றும் பார்த்தாள். மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுல மூச்சு விட்டுடாதே. உனக்குப் பிரசவம் ஆன அன்னிக்கே அது ஆறிடும்."