பாதம் இல்லாத திருமண்

“யார் பண்ணின கூத்து இது? மொதல்ல இந்தப் படத்தைக் கழட்டுங்கோ!”

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஹரிப்ரசாத் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. கொரோனாவில் இறந்தவர்களுக்காக ராஜபாளையம் வியாபாரிகள் கட்டிய நினைவு மண்டபம் அது. உள்ளே சின்னதாக ஓர் அருங்காட்சியகம். அங்கே எல்லோரும் மூச்சையே மெதுவாகத்தான் விடுவார்கள். இவன் கத்தினான்.

சுவரில் ஒரு புகைப்படம். கவச உடை போட்ட நாலு பேர் ஒரு கறுப்புப் பையைத் தூக்கிப் போகிறார்கள். பையின் தலைமாட்டில் பெயிண்டால் வரைந்த திருமண். கீழே, ‘ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பி’ என்று பெயர்.

“பாரும்மா, கீழே மூக்குல இறங்கற பாதமே இல்லை! நம்ம தென்கலைல இப்படியா போடுவா? அப்பாவைக் கேலி பண்ணியிருக்கா!”

அவன் அம்மா சௌந்தரவல்லி படத்தையே பார்த்தாள். கண்ணாடி முன்னால் திருமண் இட்டுக்கொண்டு நிற்கும் கணவர் நம்பிதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தார்.

“சௌந்தரம், நேரா இருக்கா பார்” என்று தினமும் கேட்பார். நேராகத்தான் இருக்கும். வேண்டுமென்றே “கோணல்” என்பாள். மனுஷன் அழித்துவிட்டு மறுபடி போடுவார். காபி ஆறிப்போகும்.

அந்த நெற்றி கடைசியில் வெறுமையாகப் போய்விட்டதே என்றுதான் இத்தனை வருஷமும் அழுதாள்.

“நான்தாம்மா வரைஞ்சேன்.”

சத்தம் கேட்டு உள்ளே வந்த பெயிண்ட் கடை ஜெய்னுலாப்தீன் பின்னால் நின்றிருந்தார்.

“அன்னைக்குத் தூக்குன நாலு பேர்ல நானும் ஒருத்தன். பையைத் திறக்கக் கூடாதுன்னுட்டாக. அவிய எங்க கடைக்கு ஒருநாளும் வெறும் நெத்தியோட வந்ததில்ல. அப்படியே அனுப்ப மனசு வரல. கோயில் யானை நெத்தில பாத்த ஞாபகத்துல போட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சிருங்கம்மா.”

சௌந்தரவல்லி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தப்பே இல்லைப்பா. வெறும் நெத்தியோட போகலையே, அது போதும்.”

ஹரிப்ரசாத் விடவில்லை. “தெரியலைன்னா கேட்டுட்டுப் போட்டிருக்கணும். எங்கப்பா ஒண்ணும் அனாதை இல்லை!”

“ஒங்கப்பாவா?” ஜெய்னுலாப்தீன் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த மகன் நீங்கதானா தம்பி? எப்படிப் போடணும்னு கேக்கத்தான் அன்னைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்த ஒங்க நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். ரிங் போச்சு, எடுக்கல. பெத்த தகப்பன் போயிருக்காக, பிள்ளை எடுக்கலைன்னா ஒங்களுக்கும் என்னமோ ஆயிப்போச்சுன்னுல்ல நெனச்சேன்! இத்தன வருசமா ஒங்களுக்கும் சேத்துத்தான் அல்லாகிட்ட துவா கேட்டுக்கிட்டு இருக்கேன். நல்லா இருக்கீகளா, தம்பி?”