கம்பிவலைக்குள் பூத்த புல்

ஆராய்ச்சிக்காரர்கள் மேய்ச்சல் காட்டில் கட்டில் அகலத்துக்குக் கம்பிவலை அடித்து இரண்டு மழை ஆகிவிட்டது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து பூத்திருந்தது. வெளியே கல்லும் புழுக்கையும்தான்.

“இதென்ன புல்லுங்க சார்? வெளிநாட்டு வெதைங்களா?” என்று வலையைப் பார்க்க வந்த ஆராய்ச்சி அதிகாரியிடம் கேட்டாள் ஆடு மேய்க்கும் நாச்சாத்தாள்.

“வெதையெல்லாம் போடலைங்கம்மா. நீங்க முப்பது வருசமா மேய்க்கிற அதே புல்லுதான். ஆட்டு வாய் படலை, அவ்வளவுதான்.” படம் பிடித்துக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

இந்தப் புல் பூத்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எலும்பும் தோலுமான சினையாடு ஒன்று வலைக்கண்ணில் மூக்கை நுழைத்து நாக்கை நீட்டியது. கோலை ஓங்கி அதன் மூஞ்சியிலேயே போட்டாள். அது நகரவில்லை.

“தின்னு தொலை,” என்று வலையைத் தூக்கிப் பிடித்தாள். ஆடு முதலில் பூவைத்தான் கடித்தது.