குப்பி கழுவுகிற வேலை

"ஜுவாலஜி படிச்சா என்ன வேலை கிடைக்கும்? யாராவது சொல்லுங்கோளேன்!"

பராசரன் கூடத்தைப் பார்த்துக் கேட்டார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அவருடைய மன்னி வத்ஸலாவின் வீடு. பேரனைத் தொட்டிலில் போட்ட நாள். பாட்டெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பாட்டு மயக்கத்தில் சாய்ந்திருந்தார்கள்.

"ஸ்கூல் டீச்சர்" என்றார் ஒருவர்.

"கொசு ஒழிக்கிற ஆபீசர்" என்றது இன்னொரு குரல்.

"இப்போ எல்லாரும் மெடிக்கல் கோடிங்தான் போறா. அதுக்கு எதுக்குத் தவளையை அறுக்கணும்?"

சிரிப்பு.

பராசரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சுப்ரஜாவுக்குத் திருச்சியில் ஒரே கல்லூரியில் ஜுவாலஜியிலும் இடம் வந்திருக்கிறது, பி.காமிலும் வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும்.

சுப்ரஜாவைக் கேட்டால் யோசிக்கவே மாட்டாள். கொள்ளிடக் கரைக்குப் போனாலும் ஆற்றைப் பார்க்காமல், எருக்கஞ்செடி இலையைத் திருப்பிப் பட்டாம்பூச்சி முட்டை தேடுகிற பெண்.

"நம்ம ஹம்ஸா கூட ஜுவாலஜிதானே? அவ என்ன வேலை பார்க்கறா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஹம்ஸா வத்ஸலாவின் தங்கை பெண். அவள் வாயைத் திறப்பதற்குள் வத்ஸலா முந்திக்கொண்டாள்.

"நன்னா கேட்டேள் போங்கோ! எம்.எஸ்ஸி. படிச்சா, அதுக்கு மேல ஏதோ டிரெயினிங் வேற. கடைசில என்ன? புத்தூர்ல ஏதோ ஒரு ஆஸ்பத்திரி லேப்ல குப்பி கழுவிண்டிருக்கா. இல்லியாடி?"

எல்லாரும் ஹம்ஸாவைப் பார்த்தார்கள். அவள் அக்காரவடிசலை ஒரு வாய் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"ஆமா பெரியம்மா. நன்னாவே கழுவறேன்."

மறுபடியும் சிரிப்பு. சுப்ரஜா மட்டும் ஹம்ஸாவின் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்றே? மைக்ராஸ்கோப் முன்னாடி கோட் போட்டுண்டு நீ உட்கார்ந்திருக்கிற போட்டோவை நான் பார்த்திருக்கேன். அங்க நிஜமா என்ன பண்றேன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"முடியாதுடி."

"உன் வேலையைச் சொல்றதுக்கு என்ன?"

"வேலையைச் சொன்னா அங்க வர்றவாளையும் சொன்ன மாதிரி ஆயிடும். இன்னொரு நாள் உங்காத்துக்கே வந்து பேசறேன்."

"இன்னொரு நாளா? வா, வந்து என் பி.காம். புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடு!"

ஹம்ஸாவின் முகம் வாடிப்போயிற்று. 

இருவரும் உள்ளே வந்தபோது பராசரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனைக் கையில் எடுத்திருந்தார்.

"சரி, பி.காம்.னே போட்டுடறேன்."

"சித்தப்பா, கொஞ்சம் இருங்கோ."

தொட்டில் பக்கத்திலிருந்து குரல். கோதை. வத்ஸலாவின் நாட்டுப்பெண், ஜகன்னாத்தின் மனைவி. ரொம்ப வருஷம் காத்திருந்து இந்தப் பிள்ளையைப் பெற்றவள்.

ஹம்ஸா கதவருகே நின்றபடியே வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கோதை அதைப் பார்க்காத மாதிரி எழுந்தாள்.

"ஹம்ஸா குப்பி கழுவலை சித்தப்பா. குழந்தை இல்லாதவாளுக்காகக் கருவை உண்டாக்கி வளர்க்கிற லேப் அது. அந்த வேலையை அவதான் கண்ணும் கருத்துமா பண்றா. எனக்கெப்படித் தெரியும்னு பார்க்கறேளா? இதோ தூங்கறானே, இவன் என் வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவகிட்டதான் இருந்தான்."



கோதை மாமியார் பக்கம் திரும்பினாள். 

"அம்மா, உங்ககிட்ட மறைச்சுட்டோம். நீங்க என்ன நினைப்பேளோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஹம்ஸாகிட்ட நான்தான் கேட்டுண்டேன். அதுக்காக அவ பேச்சு வாங்கறதையும், சுப்ரஜா தவிக்கறதையும் பார்த்துண்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்?"

எல்லார் பார்வையும் வத்ஸலா மேல். என்ன ஆகப்போகிறதோ!

வத்ஸலா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அசடு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீயும் ஜகன்னாத்தும் சிநேகிதர் ஆத்துக்குன்னு சொல்லிட்டுப் புத்தூர் போறதும், நீ வந்து சுருண்டு படுத்துக்கறதும் புரியாதா எனக்கு? எங்க போயிருக்கான்னு கேட்டவாளுக்கெல்லாம் உறையூர் நாச்சியாரைச் சேவிக்கப் போயிருக்கான்னு சொன்னதே நான்தான்."

"அப்போ ஹம்ஸாவை ஏம்மா இப்படி..."

"அவ என்ன பண்றான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அடுத்தது உன்னைத்தானேடி பார்ப்பா? அதான் குப்பி கழுவறா, குப்பி கழுவறான்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன். அது போய்ச் சுப்ரஜா படிப்புல விடியும்னு கண்டேனா?"

வத்ஸலா ஹம்ஸாவைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினாள். அப்புறம் மச்சினர் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ல இன்னும் எத்தனை கோதை காத்துண்டிருக்காளோ... ஜுவாலஜியையே அமுக்குப்பா, பராசரா."