தலைமாட்டில் இரண்டு பாதங்கள்

"கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வா. கட்டில்ல குப்புறப் படும்மா. கப்பையெல்லாம் துடைச்சு எடுத்துட்டு வந்துடறேன்."

திரைக்குப் பின்னால் இருந்து வந்த குரலை நம்பி, ஓட்டக்காரி அந்தத் தாழ்வான கட்டிலில் படுத்தாள். முகம் வைக்க ஒரு ஓட்டை. அதன் வழியே தரை மட்டும்தான் தெரிந்தது.

கப் வைத்து வலியை உறிஞ்சி எடுப்பதில் இந்த அக்கா கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பியிருந்தார் பயிற்சியாளர். தொடையின் பின்பக்கம் ஒரு வாரமாக நெருப்பாய் எரிகிறது. நாளைக் காலையோ தேர்வு ஓட்டம். அதில் தோற்றால் அணியில் இடம் கிடையாது. அப்பா பார்த்து வைத்திருக்கும் துணிக்கடை வேலைதான் கதி.

திரை விலகியது. ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம். ஓட்டைக்கு நேர் கீழே இரண்டு வெறும் பாதங்கள் வந்து நின்றன. கட்டைவிரல் நகங்கள் கன்றிக் கறுத்திருந்தன. மைல் கணக்கில் ஓடுகிறவர்களுக்குத்தான் நகம் அப்படிப் போகும்.

"அக்கா, நீங்களும் ஓடினவங்கதானே?"

இடுப்பில் எண்ணெய் தடவிய கை சட்டென்று நின்றது. "யாரு சொன்னா?"

"ஓடுறவளுக்கு ஓடினவளைத் தெரியாதாக்கும்?"

"ம்... உன் வயசுல நான் காத்துதான், போ. சரி, தொடையை இறுக்காத."

கப் சதையைக் கவ்வியது. காற்றை உறிஞ்சும் பம்ப்பை இழுக்க இழுக்க, உள்ளே சுருண்டு கிடந்த வலி மேலே ஏறியது.

"அய்யோ அக்கா, உயிரு போவுது!"

"போனா பிடிச்சுத் தரேன், பேசாம படு."

சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள். அடுத்த கப் கெண்டைக்காலில் விழுந்தது. பாதங்களோ முகத்துக்குக் கீழேயே, அசையாமல்.

"அக்கா... இங்க நின்னுக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படி எட்டுது?"

"எங்க நின்னுக்கிட்டு?"

பாதங்கள் மெதுவாகக் குதிகாலைத் தூக்கின. ஓட்டம் தொடங்கும் கோட்டில் நிற்பது போல விரல்களை ஊன்றின.

"ரூம்ல வேற யாரு இருக்கா?"

"நாம ரெண்டு பேருதான்மா."

"கழட்டுங்கக்கா! நான் போறேன்!"

"பாதியில எடுத்தா நாளைக்கு நொண்டிக்கிட்டுத்தான் நிப்ப. உன் இஷ்டம்."

நாளை ஓட வேண்டுமே! பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக் கிடந்தாள் ஓட்டக்காரி. கடைசிக் கப் கழன்றதுதான் தாமதம், துள்ளி எழுந்தாள். கால் பஞ்சாக இருந்தது. வலி போன இடம் தெரியவில்லை.

தலைமாட்டில் யாரும் இல்லை. கால்மாட்டில், சக்கர நாற்காலியில் அக்கா. அவள் பேன்ட் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

ஓட்டக்காரி தலைமாட்டுத் தரையை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஓ, வந்துட்டுதா?" என்று அக்கா கப்புகளைத் துடைக்கத் தொடங்கினாள். "என் காலுதான்மா. ஓடுறவங்க வந்தா மட்டும் வந்து நிக்கும். நாளைக்கு உன் பின்னாலயே ஓடி வரும்... திரும்பிப் பாக்காம ஓடு, ஜெயிச்சுடுவ."