நாலாவது பேர்

“ஊட்டுக்குள்ள எடுக்குதோ இல்லையோ, சிக்னல் பின்தெரு வரைக்கும் எட்டோணும் சாமி,” என்றார் செங்கோட்டையன். திருச்செங்கோட்டுக் கடையில் இருந்ததிலேயே பெரிய வைஃபை ரவுட்டரைத்தான் அவர் கேட்டிருந்தார்.

மாட்ட வந்த சிவபிரகாஷ் சிரித்தான். “பின்தெருவுல ஆருங்க படம் பாக்கறாங்க?”

“நல்லாக் கேளு சாமி. இங்க நாடகம் பாதியில சுத்திக்கிட்டு நிக்குது, இவருக்குப் பின்தெருவுக்கு வேணுமாமா,” என்று சமையலறையிலிருந்து சலித்துக்கொண்டாள் அவர் மனைவி சென்னியம்மாள்.

சிவபிரகாஷ் புதியதைப் பின்ஜன்னல் ஓரமாக மாட்டினான். பழையதில் இருந்ததையெல்லாம் பாஸ்வேர்டு உட்பட அழித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். டிவியில் நாடகம் தடங்கலில்லாமல் ஓடியது.

செங்கோட்டையன் செல்போனைப் பார்த்தார். “யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு காட்டற இடத்துல மூணுதான் இருக்குது. நாலு இருக்கோணுமே.”

“உங்க போன், அம்மா போன், டிவி. அவ்வளவுதானுங்க. பழசுல வேற ஆரோ திருட்டுத்தனமாச் சேர்ந்திருப்பாங்க. இப்பப் புது பாஸ்வேர்டு, இனி ஆரும் நுழைய முடியாது.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “பழைய பாஸ்வேர்டையே போட்டுரு சாமி.”

“சொல்லுங்க, போட்டர்றேன்.”

“எனக்குத் தெரியாது. வெச்சது எம்புள்ள.”

“அப்பப் புள்ளையக் கேட்டுச் சொல்லுங்க.”

செங்கோட்டையன் ஜன்னல் வழியே பின்தெரு மாடிவீட்டைப் பார்த்தார். அந்தப் பாஸ்வேர்டை வைத்த மகள் தனப்பிரியா அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்றே, சொந்தபந்தம் பார்க்க அவளைத் தலைமுழுகியவர் அவர். ஆனாலும் தினமும் பொழுது சாய்ந்தால் அவள் போன் தானாகச் சேர்ந்து, அவள் பேர் இவர் செல்போனில் நாலாவதாக வரும். கொஞ்ச நாளாக அது வருவதும் மறைவதுமாக இருந்தது.

மகள் வேலை முடிந்து வீடு வந்துவிட்டாள் என்று அதைப் பார்த்த பிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார்.

“சோறு போட்டாச்சுங்க,” என்று கூப்பிட்டாள் சென்னியம்மாள்.