காயாத பூச்சு

டென்ட் பையைக் கூடத்து மூலையில் வீசினான் கணவன். உள்ளே கம்பிகள் கலகலத்தன. அதற்குள் அவன் கண் சமையலறைத் தொட்டியில் கிடந்த இரண்டு காபிக் கோப்பைகள் மேல் விழுந்துவிட்டது.

"யார் வந்தது?"

"அண்ணன்," என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

"நான் இல்லாதப்பத்தான் உங்கண்ணனுக்குத் தங்கச்சி ஞாபகம் வருமா?"

"நான்தான் கூப்பிட்டேன். ஒரு வேலை இருந்துச்சு."

"என்ன பெரிய வேலை? படுக்கையறையை வேற ஏன் சாத்தி வச்சிருக்கே?"

"தூசி படக் கூடாதுன்னுதான். இப்பத் திறக்காதீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது.

"நான் அங்க காட்டுல, கொட்டுற மழையில டென்ட்டுக்குள்ள சுருண்டு கிடக்கேன். நீ இங்க கதை விடுறியா?"

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "டென்ட் ஒழுகிச்சா?"

"எப்படி ஒழுகும்? முந்தின நாளே மாடியில விரிச்சு, தண்ணி இறங்காம இருக்கத் தையல் தையலாப் பூச்சு போட்டேனே! ஒரு சொட்டு உள்ள வரலை. நீ பேச்சை மாத்தாதே!"

விடுவிடுவென்று போய்க் கதவைத் தள்ளினான்.

உள்ளே யாரும் இல்லை. கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, அவனுடைய டென்ட் துணி முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கிளம்புற அவசரத்துல மாடியிலயே விட்டுட்டீங்க. போன் பண்ணினா நீங்க எடுக்கலை. மழை பிடிச்சுக்கிச்சு, ஒத்தை ஆளா இறக்க முடியலை. அதான் அண்ணனைக் கூப்பிட்டேன்," என்றாள் அவள். "பூச்சு இன்னும் காயலை, கை வச்சிராதீங்க."

அவன் கூடத்து மூலையில் கிடந்த பையைத் திரும்பிப் பார்த்தான்.

"சரி, இப்ப நான் கேக்குறேன். ராத்திரி எங்க படுத்தீங்க?"