ஐநூத்துல ஒண்ணு

"உலகத்துலயே ஐநூறு வாட்ச்தான் மாமா. அதுல ஒண்ணு இந்தக் கையில!"

சின்ன மாப்பிள்ளை கையை நீட்டின நீட்டுல, மாமனார் கையில இருந்த டீ தளும்பிடுச்சு.

"அந்தக் காலத்துப் போர்ல ஓடுன நீர்மூழ்கிக் கப்பல் ஞாபகமா செஞ்சது. பின்னாடி கப்பல் படம், இது எத்தனாவது வாட்ச்ங்கற நம்பர் எல்லாம் இருக்கு. முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும்!"

"அப்புறம் ஏங்க பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் வாட்ச் நனைஞ்சிடும்கறீங்க?"ன்னு கேட்டா பொண்டாட்டி.

"அது கடல் தண்ணிக்குச் செஞ்சதும்மா. குழாத் தண்ணி ஒத்துக்காது."

உண்மை என்னன்னா, அது பிளாட்பாரத்துல வாங்குனது. முந்நூறு மீட்டர் எல்லாம் வேணாம், முகம் கழுவுனாலே உள்ள ஆவி கட்டிக்கும். பொண்டாட்டியோ அது ஒரிஜினல்னு நம்பி, தெரு முழுக்கப் பெருமை அடிச்சு வச்சிருந்தா.

அந்த நேரம் பார்த்து மூத்த மாப்பிள்ளை ஆபீஸ்லேருந்து நேரா வந்து சேர்ந்தார். சின்னவனுக்குச் சகலை. செருப்பைக் கழட்டக் குனிஞ்சப்போ சட்டைக் கை மேல ஏறுச்சு. மணிக்கட்டுல அதே நீர்மூழ்கி வாட்ச்!

"அடி ஆத்தி! ஐநூத்துல ரெண்டு நம்ம வீட்டுலயா?" மாமியாருக்குப் பெருமை தாங்கல.

மாமனாருக்குத்தான் என்னவோ அரிச்சுது. சுங்க இலாகாவுல போலிச் சரக்கு பிடிச்சே ரிட்டயரான மனுஷன்.

"மாப்ள, ரெண்டு பேரும் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டையும் திருப்பினார்.

"இதுல 217... இதுலயும் 217."

மாமனார் நிமிர்ந்து ரெண்டு மாப்பிள்ளைகளையும் பாத்தார்.

"ஒரு நம்பர்ல ஒரு வாட்ச்தானே இருக்கும்? அப்போ ஏதோ ஒண்ணு டுபாக்கூர். திறந்து பாத்தா தெரிஞ்சிடும். அந்த ஸ்க்ரூ டிரைவரை எடும்மா."

சின்னவன் அவசரமா வாட்சைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். பொண்டாட்டி வேற அவன் மூஞ்சியவே பாக்கறா.

"வேண்டாம் மாமா, என்னுதுதான் டூப்ளிகேட்,"ன்னார் சகலை. "சும்மா ஒரு ஆசைக்கு வாங்குனேன்."

வீடே சிரிச்சுது. "ஏன் மாப்ள, வாங்கற சம்பளத்துக்கு இந்தப் பொழப்பு தேவையா?"ன்னு மாமனார் வாரினார்.

சின்னவனுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. வந்த உயிர் சும்மா இருக்குமா?

"அடுத்த தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க சகல. ஒரிஜினலைக் கையில எடுத்ததுமே சொல்லிடுவேன்!"

சகலையும் சேர்ந்து சிரிச்சார்.

அப்புறம் மொட்டை மாடியில ரெண்டு பேரும் தனியா நின்னாங்க. சின்னவன் குசுகுசுன்னு ஆரம்பிச்சான்.

"சகல, உங்ககிட்ட மறைக்க என்ன? என்னுதும் அதே கேஸ்தான். நல்லவேளை, நீங்க முந்திக்கிட்டீங்க. ஆமா, எல்லாத்துக்குமா ஒரே நம்பரைப் போடுவான் மடப்பய? நீங்க எந்தப் பிளாட்பாரத்துல வாங்குனீங்க?"

"பிளாட்பாரத்துல இல்ல சகல,"ன்னார் மூத்தவர். "வாங்குன சந்தோஷத்துல, நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து நெட்ல போட்டுட்டேன். அதைப் பாத்துத்தான் உங்காளு அதே நம்பரை அடிச்சிருக்கான்!"